‘சவுண்ட் வருது’ போதாது: கேட்கும் ஒலிகளை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

துணி துவைக்கும் இயந்திரம் ஒரு நாள் மக்கர் செய்தது. சேவை மையத்துக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். “சவுண்ட் இஸ் கமிங்” என்றேன். “வாட் கைண்ட் ஆஃப் சவுண்ட்?” என்றார். “பிக் சவுண்ட்” என்றேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்: க்ரைண்டிங்கா, ஹம்மிங்கா, ராட்டிலிங்கா, க்ளிக்கிங்கா, ஸ்க்வீலிங்கா? ஐந்துக்கும் “எஸ்” சொன்னேன். மனுஷன் சிரித்திருப்பார், மியூட்டில் போட்டுவிட்டுச் சிரித்தாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

அந்த ஐந்தும் வெவ்வேறு கோளாறுகளைக் காட்டும் சொற்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. க்ரைண்டிங் என்றால் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது, பேரிங் தேய்ந்திருக்கலாம். ஹம்மிங் மட்டும் கேட்டு டிரம் சுற்றாவிட்டால், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் ஏதோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. ராட்டிலிங் என்றால் எதுவோ கழன்று ஆடுகிறது. ஸ்க்வீலிங் என்றால் பெரும்பாலும் பெல்ட் வழுக்குகிறது. தமிழில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. கரகர, உய்ங், கடகட, டிக் டிக், கிறீச். பக்கத்தில் ஒரு தமிழர் இருந்திருந்தால் வாயாலேயே சத்தத்தைச் செய்து காட்டியிருப்பேன். ஆங்கிலத்தில்தான் வாயடைத்து நின்றேன்.

அந்த நிலைமை உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் அகராதியாக இருந்தால் உச்சரிப்பையும் கேட்டுவிடலாம். தமிழ் எழுத்தை மட்டும் நம்பினால் ஈ ரீங்கரிக்கும் பஸ்ஸும் சாலையில் ஓடும் பஸ்ஸும் ஒன்றாகிவிடும். முதலாவது இரண்டு ‘இசட்’டில் முடியும், நீட்டி அதிரவிட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் படி: ‘சத்தம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரியுங்கள்

தமிழில் சத்தம் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வேலையை மூன்று சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சவுண்ட் பொதுவானது, காதில் விழும் எதையும் குறிக்கும். நாய்ஸ் பெரும்பாலும் வேண்டாத சத்தம், அல்லது என்னவென்று புரியாத சத்தம். வாய்ஸ் மனிதக் குரல். போனில் எதிராளி பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றால் “யுவர் சவுண்ட் இஸ் நாட் க்ளியர்” என்று பலர் சொல்கிறார்கள். “யுவர் வாய்ஸ் இஸ் ப்ரேக்கிங் அப்” என்பதுதான் இயல்பு. என் மனசுக்குப் பட்டதைச் சொன்னால், “ஐ கான்ட் ஹியர் யூ” போதும், வம்பே இல்லை.

‘வருது’ என்பதும் சிக்கல்தான். சத்தம் நமக்கு வரும். ஆங்கிலத்தில் ஒரு பொருள் சத்தத்தை ‘மேக்’ செய்யும். “த ஃபேன் இஸ் மேக்கிங் அ நாய்ஸ்.” எங்கிருந்து வருகிறது என்ற இடம்தான் முக்கியம் என்றால் மட்டும் ‘கமிங் ஃப்ரம்’ பொருந்தும். அப்புறம், சத்தம் ‘பிக்’ ஆகாது, ‘லவுட்’ ஆகும். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்ல “ரெட்யூஸ் த சவுண்ட்” என்றாலும் புரியும், ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. “டர்ன் இட் டவுன்.” கூட்ட வேண்டும் என்றால் “டர்ன் இட் அப்.” பக்கத்து அறையில் கூச்சல் போடுபவர்களிடம் “கீப் இட் டவுன்.”

இரண்டாம் படி: ஒலியையே வினையாக்குங்கள்

இந்த ஒரு படியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் பாதிக் கிணறு தாண்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

“கதவு கிறீச்சென்று திறந்தது.” இந்த வாக்கியத்தில் வினை எது? திறந்தது. கிறீச் என்ற ஒலி, ‘என்று’ என்பதன் தோளில் கைபோட்டுக்கொண்டு துணைக்கு வருகிறது. தமிழில் ஒலிக்குறிப்புக்குப் பெரும்பாலும் இந்த இடம்தான். படாரென்று வெடித்தது, சலசலவென்று ஓடியது, தொப்பென்று விழுந்தது. ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ். ஒலி வினையின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திறந்தது என்ற செயல் வாலில் ஒரு சிறு சொல்லாகச் சுருங்கிவிடும். “த டோர் க்ரீக்ட் ஓப்பன்.” அவ்வளவுதான். நாம் என்ன செய்கிறோம்? தமிழின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு “த டோர் ஓப்பன்ட் வித் அ க்ரீக் சவுண்ட்” என்று எழுதுகிறோம். படித்தால் புரியும், காதுக்கு ஒட்டாது.

இன்னும் சில பாருங்கள். கதவு டமாலென்று சாத்திக்கொண்டது: “த டோர் ஸ்லாம்ட் ஷட்.” ரயில் தடதடவென்று கடந்து போனது: “த ட்ரெயின் ரம்பில்ட் பாஸ்ட்.” தண்ணீர் களகளவென்று குழாயில் இறங்கியது: “த வாட்டர் கர்கில்ட் டவுன் த பைப்.” மூன்றிலும் சவுண்ட் என்ற சொல்லே இல்லை. உங்கள் வாக்கியத்தில் சவுண்ட் என்ற சொல் நுழைந்தால் அதை அடித்துவிட்டு, ஒலிச்சொல்லை வினையாக்க முடியுமா என்று பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை முடியும்.

ஒரு எல்லை உண்டு. போவது, வருவது, திறப்பது போன்ற அசைவாலேயே ஒலி பிறந்தால்தான் இந்த வித்தை செல்லும். ரயில் ஓடுவதால்தான் தடதடக்கிறது, கதவு அசைவதால்தான் கிறீச்சிடுகிறது. நாய் குரைப்பது வாயால். ஓடுவதற்கும் குரைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் “த டாக் பார்க்ட் டவுன் த ரோட்” என்று எழுதினால் இடிக்கும். “த டாக் ரேன் டவுன் த ரோட், பார்க்கிங்” என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒருமுறையா, நீளமா, திரும்பத் திரும்பவா?

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலின் பெரும்பகுதி அந்தச் சொல்லின் கடைசி எழுத்துகளிலேயே இருக்கும்.

சட்டென்று நிற்கும் எழுத்தில் முடியும் சொற்கள் ஒருமுறை கேட்டு ஓயும் ஒலிகளுக்கு: பாப், டாப், ஸ்நாப், க்ளிக், க்ராக், தட். பலூன் உடைவது பாப். காய்ந்த குச்சியை ஒடித்தால் ஸ்நாப். கனமான மூட்டை தரையில் விழுந்தால் தட். மூச்சை நீட்டிச் சொல்லக்கூடிய எழுத்தில் முடிந்தால் ஒலியும் நீளும்: ஹிஸ், ஹம், வர்ர், பஸ்ஸ். காற்று கசியும் டயர் ஹிஸ். ஃப்ரிட்ஜ் ஹம். சிறு விசிறி வேகமாகச் சுற்றுவது வர்ர்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது. க்ராக் என்றால் ஒரு முறிவு. அதன் வாலில் ஓர் ‘ல்’ ஒட்டினால் க்ராக்கில்: எரியும் விறகு போல விடாமல் சிறு சிறு முறிவுகள். ராட்டில், ரஸில், ஜிங்கில், டிங்க்கில் எல்லாம் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பவை. செயல் மீண்டும் மீண்டும் நடக்கிறது என்று காட்ட ஆங்கிலத்தில் இருந்த பழைய விகுதி அது. தமிழில் இதே வேலைக்குச் சொல்லையே இரட்டிக்கிறோம். ‘சட்’ ஒருமுறை, ‘சடசட’ பலமுறை. இரட்டைக்கிளவி என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதற்கு ஆங்கிலத்தில் பதில் கேட்டால் பல இடங்களில் அந்தக் குட்டி ‘ல்’தான். எல்லா இடத்திலும் செல்லும் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி முடியும் எத்தனையோ சொற்களுக்கும் ஒலிக்கும் சம்பந்தமே கிடையாது.

உயிரெழுத்தும் துப்புக் கொடுக்கும். க்ளிங்க், க்ளாங்க், க்ளங்க் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக் கோப்பைகள் லேசாக மோதினால் க்ளிங்க். இரும்புச் சங்கிலி இழுபட்டால் க்ளாங்க். கனமான பெட்டிக் கதவு மூடினால் க்ளங்க். ‘இ’ சின்னப் பொருளுக்கும் மெல்லிய ஒலிக்கும் போகிறது. வாய் திறக்கத் திறக்கப் பொருளும் பருமனாகிறது. நாமும் கிண் என்பதைச் சிறிய மணிக்கும் டாங் என்பதைப் பெரிய மணிக்கும் வைத்திருக்கிறோம் அல்லவா?

சொல்லின் முதலிலும் இப்படி ஒன்று உண்டு. ஸ்னிஃப், ஸ்னோர், ஸ்னார்ட், ஸ்னீஸ்: நான்கும் மூக்கு சம்பந்தப்பட்டவை. க்ராஷ், ஸ்மாஷ், க்ளாஷ், ஸ்ப்ளாஷ்: இவை ஒத்துப்போவது கடைசியில், நான்கும் மோதல். இப்படி ஒரே பொருள் வாடை அடிக்கும் எழுத்துக் கூட்டத்துக்கு ஃபோனெஸ்தீம் என்று 1930-ல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர். பெயரை மறந்துவிடலாம். சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் படிக்கும் பழக்கம் வந்தால் போதும்.

நான்காம் படி: எது எதோடு உரசுகிறது?

‘கிறீச்’சிலிருந்து ஆரம்பிப்போம். அதிகம் குழப்புவது இதுதான். நம்முடைய ஒரு கிறீச்சுக்கு அங்கே நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

க்ரீக் மெதுவானது, கொஞ்சம் கட்டைக் குரல். பழைய மரப்படியில் கால் வைத்தால், எண்ணெய் காணாத கீலில் கதவு அசைந்தால் கேட்பது. எடை தாங்க முடியாமல் பொருள் முனகுவது போல இருக்கும். ஸ்க்வீக் குட்டையும் கூர்மையும்: எலி, புது ஷூ, ஈரக் கண்ணாடியைத் துடைக்கும் துணி. ஸ்க்வீல் அதே கூர்மை, ஆனால் நீளம்: வளைவில் வேகமாகத் திரும்பும் டயர், ஊஞ்சலில் குதூகலிக்கும் குழந்தை. ஸ்க்ரீச் காதைக் கிழிப்பது, கேட்டால் பல் கூசும்: திடீர் பிரேக், கரும்பலகையில் நகம். ஸ்க்வீலில் சந்தோஷம் இருக்கலாம், ஸ்க்ரீச்சில் பெரும்பாலும் இருக்காது.

உலோகத்தில் க்ளிங்க், க்ளாங்க் தவிர, ஓங்கி அடித்து அதிர்வு நீண்டால் க்ளாங். சாவிக்கொத்து ஜிங்கில். பாத்திரங்கள் மொத்தமாகச் சரிந்தால் க்ளாட்டர். காகிதம், பட்டுத்துணி, காய்ந்த இலை மூன்றுக்கும் ரஸில். எழுத்துக்கூட்டில் நடுவே ஒரு ‘டி’ இருக்கும், வாயில் வராது, விஸிலும் அப்படியே. தம்ப் என்பதும் தட் போலத்தான், ஆனால் ஆள் கை ஓங்கியது அதில் தெரியும். மேசையில் குத்தினால் தம்ப். மேசையே சாய்ந்தால் க்ராஷ். வெடி போன்ற எதற்கும் பேங்.

மழையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஒரே மழையில் ஒரு பாடம் முழுக்க இருக்கிறது. முதல் துளிகள் ஜன்னலில் விழும்போது பாட்டர். சின்னக் குழந்தை ஓடும் காலடிக்கும் அதே சொல். துளி கனத்துத் தகரத்தில் விழ ஆரம்பித்தால் ட்ரம். வாத்தியம்தான், இங்கே வினையாக நிற்கும். கொட்டித் தீர்க்கும்போது துளி தனியாகக் கேட்காது, எல்லாம் ஒரே இரைச்சல், அது ரோர். கூரைக் குழாயில் நீர் திணறி இறங்கினால் கர்கில். மழை ஓய்ந்தபின் சுவரோரம் நூலாக ஒழுகுவது ட்ரிக்கில். எல்லாம் முடிந்து இலை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொட்டினால் ட்ரிப். இந்த ஆறையும் வரிசையாக ஒரு மழைநாளில் ஜன்னலோரம் நின்று சொல்லிப் பார்த்தால் மறக்காது.

இடிக்கு இரண்டு சொல் போதும். பக்கத்தில் விழுந்தால் க்ராக், சாட்டை சொடுக்கியது போல. தொலைவில் என்றால் ரம்பில். காரணமும் உண்டு. கூர்மையான உச்ச ஒலிகளைக் காற்று வழியிலேயே விழுங்கிவிடும், கட்டை ஒலிதான் தொலைவுக்கு வந்து சேரும். நீண்ட மின்னலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒலி வெவ்வேறு நேரத்தில் வருவதால் அது உருண்டுகொண்டே போகிறது. ரம்பில் என்று சொன்னாலே இடி தூரத்தில் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். காற்றுக்கு ஹவுலும் விஸிலும். நெருப்புக்கு க்ராக்கில், பெரு நெருப்புக்கு ரோர். சூடான எண்ணெய்க்கு சிஸில்.

ஐந்தாம் படி: மனிதர்கள் போடும் சத்தம்

முணுமுணுத்தார் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆங்கிலத்தில் மூன்று விதமாக முணுமுணுக்கலாம். மட்டர் என்றால் எரிச்சலோடு, அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது என்று, ஆனால் கொஞ்சம் கேட்டால் பரவாயில்லை என்று முணுமுணுப்பது. மம்பில் வாயைச் சரியாகத் திறக்காமல் சொல் குழைவது. தூக்கத்திலோ கூச்சத்திலோ வரும். மர்மர் மென்மையானது, இதமாகவும் இருக்கலாம். அரங்கில் பலர் தாழ்ந்த குரலில் பேசும் சலசலப்பும் அதுதான். விஸ்பர் தனி ஜாதி: குரல்நாண் அதிராமல் வெறும் மூச்சால் பேசும் கிசுகிசு.

பெருமூச்சு சை, திடுக்கிட்டு மூச்சை உள்ளிழுப்பது காஸ்ப். வலியில் முனகுவதற்கு க்ரோன், மோன் இரண்டும். முதலாவதில் ‘அய்யோ, இதுவும் வேறயா’ என்ற சலிப்பும் சேரும். மோசமான ஜோக் சொன்னால் நண்பர்கள் க்ரோன் செய்வார்கள். சிரிப்பில் கிகில் கிளுகிளுப்பு, சக்கில் தனக்குள் சிரிப்பது, ஸ்னிகர் அடுத்தவரைப் பார்த்து நமுட்டுச் சிரிப்பு, கஃபா வெடிச்சிரிப்பு. இந்தச் சொற்களோடு ‘லெட் அவுட்’ நன்றாகப் பொருந்தும்: “ஷி லெட் அவுட் அ சை.”

மருத்துவரிடம் போகும்போது இந்தச் சொற்கள் உண்மையிலேயே பயன்படும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல இருந்தால் வீஸ். காதுக்குள் ஙொய்ங் என்றால் “மை இயர்ஸ் ஆர் ரிங்கிங்.” தொண்டை கட்டிக் குரல் கரகரத்தால் ஹார்ஸ், உச்சரிப்பு குதிரையைப் போலத்தான், எழுத்துக்கூட்டு வேறு, யாரும் சிரிக்க மாட்டார்கள். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக் 1816-ல் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இன்றைக்கும் மருத்துவர்கள் அதில் கேட்பவற்றுக்கு க்ராக்கில், வீஸ், மர்மர் என்று இதே வீட்டுச் சொற்களைத்தான் வைத்திருக்கிறார்கள். இதயத்தில் மர்மர் என்றால் அங்கே யாரும் கிசுகிசுக்கவில்லை, ரத்தம் சலசலத்து ஓடுகிறது.

ஆறாம் படி: விலங்குகளும் பறவைகளும்

யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், காகம் கரையும் என்று நமக்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே, மனப்பாடம்தான் வழி. யானை ட்ரம்பெட், குதிரை நே, கழுதை ப்ரே, ஆடு ப்ளீட், காகம் கா, ஆந்தை ஹூட், புறா கூ, தவளை க்ரோக், பாம்பு ஹிஸ். பூனை சுகமாக மடியில் படுத்து எழுப்பும் குறுகுறு ஒலிக்கு பர்.

இவற்றை மனிதர்மேல் ஏற்றும்போதுதான் சுவை. அதிகாரி உத்தரவுகளை பார்க் செய்வார், கோபக்காரர் பதிலை க்ரவுல் செய்வார், நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் பர் செய்யும்.

ஏழாம் படி: ஒலிக்கு முன்னால் ஒரு பெயரடை, ஒலியைக் கேட்ட விதம்

பெயரடைகளைத் தனியாகப் படிக்காமல் ஜோடியாகவே மனசில் போட்டுக்கொள்ளுங்கள், அவை பெரும்பாலும் ஜோடி மாறாது: டல் தட், ஃபெய்ன்ட் ரஸில், ஷார்ப் க்ராக், லோ ஹம், லவுட் பேங், டெஃபனிங் ரோர். சுவருக்கு அப்பாலிருந்தோ போர்வைக்குள்ளிருந்தோ அமுங்கி வருவதற்கு மஃபில்ட். இந்த ஒரு சொல்லால் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

ஹியர் என்ற வினைக்குப் பின் இரண்டு வடிவம் வரும். “ஐ ஹர்ட் த டோர் ஸ்லாம்” என்றால் சாத்தியதை முழுசாகக் கேட்டேன், முடிந்தது. “ஐ ஹர்ட் த டேப் ட்ரிப்பிங்” என்றால் சொட்டிக்கொண்டிருந்தது, நடுவில் என் காதில் விழுந்தது. ‘சாத்தியதைக் கேட்டேன்’, ‘சொட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டேன்’ என்று நாமும் பிரிக்கிறோம் என்பதால் இது சுலபம். நடுவில் ‘டு’ மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எட்டாம் படி: ஐந்து நிமிடப் பயிற்சி

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். கேட்பதையெல்லாம் முதலில் தமிழில், வாயில் வருகிறபடி குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் ஒருமுறையா நீளமா, எது எதோடு, எவ்வளவு தூரம் என்று கேட்டு ஆங்கிலத்துக்குக் கொண்டு போங்கள். நான் முதல் நாள் எழுதியவற்றில் ஒன்று: “தேர் இஸ் அ சவுண்ட் ஃப்ரம் த ஃப்ரிட்ஜ்.” திருத்தியபின்: “த ஃப்ரிட்ஜ் ஹம்ஸ், ஷடர்ஸ் அண்ட் கோஸ் க்வயட்.” ஃப்ரிட்ஜ் நிற்கும்போது ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டுத்தான் நிற்கும் என்பதை, அதற்குச் சொல் தேடியபோதுதான் கவனித்தேன்.

சரி, அந்த இயந்திரம். இன்றைக்குப் போன் போட்டால் இப்படிச் சொல்வேன்: “இட் ஹம்ஸ் ஃபார் அ ஃப்யூ செகண்ட்ஸ், தென் தேர் இஸ் அ லவுட் க்ளிக். வென் இட் ஸ்பின்ஸ், சம்திங் ராட்டில்ஸ் இன்சைட்.” அன்று நேரில் வந்த மெக்கானிக் டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காது கொடுத்துவிட்டு, “ராட்டில்” என்று ஒரே சொல்லில் முடித்தார். சட்டைப் பையில் நான் மறந்த ஒரு நாணயம் உள்ளே உருண்டுகொண்டிருந்தது.